கோழிக்கூண்டின் காற்று: கோழியின் நலமும் வீட்டாரின் நலமும்

கீழ்க்கட்டளை, மேடவாக்கம், கோவிலம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் ஆகிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகள் சில பத்தாண்டுகளுக்குள் நெருக்கமான குடியிருப்புகளாக மாறிவிட்டன. எனினும் கொல்லைப்புறத்திலும் மொட்டைமாடியிலும் நாட்டுக்கோழி வளர்க்கும் வழக்கம் இங்கு மறையவில்லை. முன்பு கோழிகள் பகல் முழுவதும் தோட்டத்தில் மேய்ந்து, இரவில் மட்டும் பஞ்சாரத்துக்குள் அடைந்தன. இன்று நாய், வாகனம், அண்டை வீட்டாரின் வசதி ஆகியவற்றைக் கருதி, பல வீடுகளில் அவை இரவும் பகலும் கூண்டுக்குள்ளேயே வளர்கின்றன.

மேயும் கோழி தனக்கு ஒவ்வாத காற்றை விட்டு விலகிச் செல்லும். அடைக்கப்பட்ட கோழிக்கு அவ்வாய்ப்பு இல்லை. தீவனம், தண்ணீர், தடுப்பூசி ஆகியவற்றைப் போலவே காற்றையும் வளர்ப்பவரே அளிக்க வேண்டியுள்ளது. கூண்டின் காற்று ஏன் கெடுகிறது, அதனை எவ்வாறு அறிவது, எவ்வாறு சீர்செய்வது, அதனால் வீட்டாரின் உடல்நலத்துக்கு நேரும் பாதிப்புகள் யாவை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முதலில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மழை நாளிலும் பனி நாளிலும் கோழிகளைக் காக்கும் அக்கறையுடன் நாம் கூண்டை முழுவதுமாக மூடுகிறோம். காற்று மிகுதியாகக் கெடுவது அந்த இரவுகளில்தான்.

கோழி எவ்வாறு சுவாசிக்கிறது?

மனிதர் மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிகிறது, விடும்போது சுருங்குகிறது. கோழியின் நுரையீரல் அவ்வாறு விரிந்து சுருங்குவதில்லை. அதனுடன் இணைந்த காற்றுப்பைகள் துருத்தியைப் போல இயங்கி, நுரையீரலின் வழியே காற்றை ஒரே திசையில் செலுத்துகின்றன. இக்காற்றுப்பைகள் மார்பிலும் வயிற்றிலும் பரவி, சில எலும்புகளின் உட்புறம் வரை நீள்கின்றன.

இவ்வமைப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை மிகத் திறமையாக எடுத்துக்கொள்ள உதவுகிறது. அதே திறமையுடன் காற்றிலுள்ள நச்சும் நுண்தூசியும் உடலுக்குள் ஆழமாகச் செல்கின்றன. நச்சு வாயுவை முன்கூட்டியே அறிவதற்காகப் பிரிட்டன் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் 1986ஆம் ஆண்டு வரை கேனரி என்னும் சிறு பறவைகள் பயன்படுத்தப்பட்டன. மனிதர் உணரும் முன்பே பறவை பாதிக்கப்படும் என்பதே அதற்குக் காரணம். உங்கள் கூண்டிலுள்ள கோழிக்கும் இது பொருந்தும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. அதன் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வெப்பம் மிகும்போது வாயைத் திறந்து இரைத்தே அது உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. இரைக்கும்போது உள்ளே செல்லும் காற்றின் அளவு பல மடங்கு கூடுகிறது. காற்று கெட்டிருந்தால் உள்ளே செல்லும் நச்சும் அதே அளவில் கூடும்.

கூண்டின் காற்றைக் கெடுப்பவை எவை?

1. அம்மோனியா. கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் வாயு. கோழிக்கூண்டில் மிகுதியாகத் தீங்கு செய்வது இதுவே.
2. கரியமில வாயு. கோழிகளின் மூச்சிலிருந்தும் எச்சம் மட்குவதிலிருந்தும் வெளிப்படுவது. இதன் அளவு உயர்ந்தால் காற்று மாறவில்லை என்று பொருள்.
3. கார்பன் மோனாக்சைடு. குஞ்சுகளுக்கு வெப்பமளிக்கக் கரி அடுப்பு வைக்கும் இடங்களில் உருவாவது. நிறமும் மணமும் அற்றது, உயிரைப் பறிக்கக்கூடியது.
4. தூசி. இறகுத் துகள், தோல் செதில், தீவனப் பொடி, உலர்ந்த எச்சம், பூஞ்சை வித்துகள், நுண்ணுயிர்கள் ஆகியவை கலந்தது.
5. ஈரப்பதமும் வெப்பமும். இவை நேரடியாகத் தீங்கு செய்வதுடன், மேற்கூறிய பிறவற்றையும் மிகுவிக்கின்றன.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது?

கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. உடலில் மிஞ்சும் நைட்ரஜன், யூரிக் அமிலமாக எச்சத்துடன் சேர்ந்தே வெளியேறுகிறது. எச்சத்தின் மேல் வெண்மையாகக் காணப்படுவது அதுவே. உலர்ந்த நிலையில் யூரிக் அமிலம் பெரிய தீங்கு செய்வதில்லை. ஈரமும் வெப்பமும் சேரும்போது, கூளத்திலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. கூளத்தின் காரத்தன்மை கூடக்கூட, உருவான அம்மோனியா விரைந்து காற்றில் கலக்கிறது.

ஆகவே அம்மோனியாவின் வேர் ஈரமே. கூளத்தில் ஈரம் 20 முதல் 25 விழுக்காடு வரை இருப்பது நன்று. 30 விழுக்காட்டைத் தாண்டினால் அம்மோனியா வேகமாகப் பெருகும்.

அவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது என நீங்கள் வியக்கலாம். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிலிட்டர் வரை நீர் அருந்துகிறது; கோடையில் இது இன்னும் கூடும். 20 கோழிகள் இருந்தால் அன்றாடம் 4 முதல் 5 லிட்டர் வரை நீர் செலவாகிறது. இதில் ஒரு சிறு பகுதியே முட்டையாக மாறுகிறது. எஞ்சிய பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சாகவும் கூண்டுக்குள்ளேயே வெளியேறுகிறது. இந்நீரைச் சுமந்து செல்லும் வேலையைக் காற்றுதான் செய்ய வேண்டும். காற்றின் வழியை அடைத்தால், அந்நீர் கூளத்தில் தங்கிவிடும்.

எந்த அளவு வரை ஏற்கத்தக்கது?

காற்றில் வாயுவின் அளவு, பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற கணக்கில் பி.பி.எம். எனக் குறிக்கப்படுகிறது. இறைச்சிக்கோழிகளின் நலம் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் பிறப்பித்த விதிமுறை, அடர்த்தி மிகுதியாக வளர்க்கும் கொட்டகைகளில் அம்மோனியா 20 பி.பி.எம்., கரியமில வாயு 3,000 பி.பி.எம். ஆகிய அளவுகளைத் தாண்டக் கூடாது என வரையறுக்கிறது. அவ்விதிமுறையில் கவனிக்க வேண்டிய சொற்கள், இவ்வளவுகள் “கோழியின் தலை மட்டத்தில்” எடுக்கப்பட வேண்டும் என்பதாகும்.

20 பி.பி.எம். என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் அந்த அளவுள்ள காற்றில் 72 மணி நேரம் இருந்த கோழிகளை வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ரானிக்கெட் நோய்க்கிருமி எளிதில் தொற்றியதை, அமெரிக்காவில் 1964இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மூச்சுக்குழாயின் உட்புறம் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் அவை இடைவிடாது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அம்மோனியா இவ்விழைகளைச் செயலிழக்கச் செய்கிறது. காவல் நீங்கிய வழியே கிருமிகள் நுழைகின்றன. அம்மோனியா 50 பி.பி.எம். அளவை எட்டிப் பல நாட்கள் நீடித்தால் கண்ணின் கருவிழியே புண்ணாகிப் பார்வை மங்கும்.

உங்கள் மூக்கை நம்பலாமா?

ஓரளவே நம்பலாம். இதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, பழக்கம். அம்மோனியாவின் நெடி முதலில் நன்கு தெரியும். சிறிது நேரம் அங்கேயே இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். நாள்தோறும் கூண்டுக்குள் செல்பவர் “நாற்றம் ஒன்றும் இல்லை” என்று உண்மையாகவே எண்ணுவார். அன்று புதிதாக வந்த விருந்தினர் முகம் சுளிப்பார். அத்தகைய நேரத்தில் விருந்தினரின் மூக்கையே நம்புங்கள்.

இரண்டாவது, உயரம். நீங்கள் நின்றுகொண்டு சுவாசிக்கும் காற்று வேறு. தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் கோழி சுவாசிக்கும் காற்று வேறு. அம்மோனியா காற்றைவிட இலேசானது என்றாலும், அது பிறக்கும் இடம் கூளம் என்பதால், கூளத்தை ஒட்டிய காற்றில்தான் அதன் செறிவு மிகுதி. கோழி உண்பதும் உறங்குவதும் அக்காற்றிலேயே.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

இவற்றை விடியற்காலையில், கூண்டின் படுதாக்களைத் திறப்பதற்கு முன் செய்யுங்கள். இரவு முழுவதும் கோழி சுவாசித்த காற்றை அப்போதுதான் அறிய இயலும்.

• குனிந்து பாருங்கள். முழந்தாளிட்டு, கோழியின் தலை மட்டத்தில் உங்கள் முகத்தை வைத்து இரண்டு மூன்று முறை மூச்சு விடுங்கள். மூக்கு எரிந்தாலோ கண்ணில் நீர் வந்தாலோ அம்மோனியா வரம்பைத் தாண்டியிருக்கிறது எனக் கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இச்சோதனையைச் செய்யக் கூடாது.

• கூளத்தைப் பிடித்துப் பாருங்கள். கையுறை அணிந்து ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பின் விரலை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. உடையாமல் சற்று நின்று பின் உதிர்ந்தால் சரியான அளவு. சிறிதும் பிடிபடாமல் தூசியாகப் பறந்தால் மிகையாக உலர்ந்துள்ளது.

• ஊதுபத்திப் புகையைக் கவனியுங்கள். கூளத்தின் மீது தீப்பொறி விழாதவாறு, கோழியின் தலை மட்டத்தில் ஊதுபத்தியைச் சிறிது நேரம் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாக நகர்ந்து வெளியேறினால் காற்று ஓடுகிறது. அதே இடத்தில் சுழன்று தங்கினால் காற்று தேங்கி நிற்கிறது.

• லிட்மஸ் தாளைப் பயன்படுத்தலாம். சிவப்பு லிட்மஸ் தாளைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துக் கூண்டுக்குள் பிடித்தால், அம்மோனியா உள்ள இடத்தில் அது நீலமாகும். விரைவில் நிறம் மாறினால் செறிவு மிகுதி.

கோழியிடம் தெரியும் அறிகுறிகள்

• கண்களை மூடியபடி நிற்றல், கண்ணில் நீர் அல்லது நுரை, இறகில் கண்ணைத் தேய்த்தல்
• தும்மல், மூச்சில் கரகரப்பு, மூக்கில் சளி
• வெயில் இல்லாத நேரத்திலும் வாயைத் திறந்து மூச்சு விடுதல்
• தீவனம் குறைதல், முட்டை குறைதல், வளர்ச்சி தடைப்படுதல்
• பாதத்தின் அடியிலும் மார்பிலும் ஈரக் கூளத்தால் உண்டாகும் புண்
• கூண்டின் ஓரத்தில், காற்று வரும் இடுக்கை நோக்கிக் கூட்டமாக நிற்றல்

இவற்றுள் சில, நோய்த்தொற்றின் அறிகுறிகளும் ஆகும். காற்றைச் சீர்செய்த பின்னும் இரண்டு நாட்களுக்குள் குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காற்று கெட்ட கூண்டில் நோய்க்கு மருந்து மட்டும் கொடுத்தால், மருந்து தீர்ந்ததும் நோய் திரும்பும்.

நம் பகுதியின் பருவங்களும் கூண்டின் காற்றும்

கோடை. அக்கினி நட்சத்திர நாட்களில் மாடிக் கூண்டுகளே மிகுந்த துன்பத்துக்குள்ளாகின்றன. தகரக் கூரை மேலிருந்தும், வெயிலேறிய தளம் கீழிருந்தும் வெப்பத்தைத் தருகின்றன. கூரையின் மேற்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், தென்னை ஓலை பரப்புவதும் வெப்பத்தைக் குறைக்கும். நீர்த்தூவல் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. நீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி உண்டாகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் நீர் ஆவியாவதில்லை. நம் பகுதியில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் காற்றின் ஈரப்பதம் கூடிவிடும். எனவே வறண்ட நண்பகல் நேரத்தில் மட்டும், மின்விசிறியுடன் சேர்த்து, மெல்லிய தூவலாகப் பயன்படுத்துங்கள். கடற்காற்று வந்ததும் தூவலை நிறுத்திக் கூண்டை நன்கு திறந்துவிடுங்கள். அதன் பிறகும் தூவினால் கூளம் நனைவது மட்டுமே மிஞ்சும்.

வடகிழக்குப் பருவமழை. சென்னைப் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் பெய்கிறது. கீழ்க்கட்டளை ஏரியின் மிகைநீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. இவ்வழியிலுள்ள தாழ்வான தெருக்களில் மழை நின்ற பிறகும் நிலத்தின் ஈரம் பல நாட்கள் வற்றுவதில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் அறிவீர்கள். தரையோடு ஒட்டிய கூண்டு இத்தகைய நிலத்துக்கு ஏற்றதன்று. கூண்டின் தளம் தரையிலிருந்து குறைந்தது இரண்டு அடி உயர்ந்திருக்கட்டும். அடியில் காற்று புகுந்து வெளியேறினால் கூளமும் உலரும். எலித் தொல்லையும் குறையும்.

மார்கழி, தை. நம் பகுதியின் பனிக்காலம், வளர்ந்த கோழிக்குத் தீங்கு செய்யும் அளவு குளிரானதன்று. இறகு முளைத்த கோழி குளிரைத் தாங்கும். நச்சுக் காற்றைத் தாங்காது. குளிரிலிருந்து காக்கப்பட வேண்டியவை குஞ்சுகளே. முதல் வாரத்தில் அவற்றுக்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் தேவை. அதனைக் குஞ்சுகள் இருக்கும் வளையத்துக்குள் மட்டும் மின்விளக்கால் அளியுங்கள். அறை முழுவதையும் மூடி வெப்பமாக்க வேண்டியதில்லை.

படுதாவை எப்படிக் கட்டுவது?

பெரும்பாலான வீடுகளில் தார்ப்பாயின் மேல் விளிம்பைக் கூரையில் கட்டிக் கீழே தொங்கவிடுவர். மழை வந்தால் அது தரைவரை இறங்கி, கூண்டின் மேற்புறத்தை முழுவதும் மூடிவிடும். வெப்பமான காற்றும் அதனுடன் எழும் அம்மோனியாவும் நீராவியும் மேலே சென்று, வெளியேற வழியின்றித் திரும்பும். கீழே எஞ்சிய இடுக்கு வழியாக நுழையும் குளிர்காற்று நேரே கோழியின் மீது படும்.

இதனைத் தலைகீழாக்குங்கள். படுதாவின் கீழ் விளிம்பைக் கூண்டின் அடிப்பகுதியில் நிலையாகக் கட்டுங்கள். மேல் விளிம்பைக் கயிற்றால் ஏற்றி இறக்கும்படி அமையுங்கள். எவ்வளவு மழை பெய்தாலும், கூரைக்கும் படுதாவுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கட்டும். கூரை சுவரைத் தாண்டி மூன்று அடியேனும் நீண்டிருந்தால் அவ்விடைவெளி வழியே சாரல் உள்ளே வராது. கீழே குளிர்காற்று தடுக்கப்படும். மேலே கெட்ட காற்று வெளியேறும். பெரிய பண்ணைகளில் கையாளப்படும் முறை இதுவே. உங்கள் சிறு கூண்டுக்கும் இதற்குமேல் செலவில்லை.

கூண்டின் அமைப்பு

• நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை, மாலை வெயில் நேரடியாக உள்ளே விழாது.
• நீளமான இரு பக்கங்களும் எதிரெதிரே கம்பிவலையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று நுழையும், கடந்து செல்லாது.
• மதிற்சுவரை ஒட்டிக் கூண்டை வைக்காதீர்கள். குறைந்தது இரண்டு அடி இடைவெளி விடுங்கள்.
• ஆழ்கூள முறையில் முட்டைக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி, இறைச்சிக்கோழி ஒன்றுக்கு 1 சதுர அடி என்பது பண்ணைகளில் வழங்கும் கணக்கு. வீட்டுக் கூண்டில் இதனினும் கூடுதலாக அளிப்பதே நன்று. இடத்துக்கு மிஞ்சிய கோழிகளின் எச்சத்தை எந்தக் காற்றோட்டமும் உலர்த்தாது.

நாமக்கல் பகுதியின் முட்டைக்கோழிப் பண்ணைகளில், கூண்டுகள் உயர்ந்த தூண்களின் மீது அமைக்கப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். எச்சம் கூண்டுக்குக் கீழே நெடுந்தொலைவில் விழுந்து, காற்றில் உலர்கிறது. எச்சத்துக்கும் கோழியின் மூக்குக்கும் உள்ள தொலைவைக் கூட்டுவதே இவ்வமைப்பின் பயன்களுள் ஒன்று. மாடியில் வைக்கும் சிறு கூண்டுக்கும், கம்பித்தளத்தின் அடியில் இழுத்து அகற்றும் தட்டு அமைத்து, அதனை அன்றாடம் வெறுமையாக்கினால் அதே பயன் கிடைக்கும்.

கூளப் பராமரிப்பு

நெல் உமி, கடலைத்தோல், உலர்ந்த மரத்தூள் ஆகியவற்றை இரண்டு முதல் மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். பூஞ்சை பிடித்த கூளத்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் வித்துகள் குஞ்சுகளின் நுரையீரலில் நோயை உண்டாக்கும். வாரத்துக்கு இரு முறையேனும் கூளத்தைக் கிளறிவிடுங்கள். மழைக்காலத்தில் அன்றாடம் கிளறுங்கள். கிளறும்போது கோழிகளை வெளியே விட்டுவிடுவது நன்று. அடியில் அடங்கியிருந்த அம்மோனியா அப்போது மேலெழும்.

கூளம் நனையும் இடம் பெரும்பாலும் தண்ணீர்த் தட்டைச் சுற்றியே இருக்கும். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்ந்திருந்தால் சிந்துவது குறையும். கட்டிபட்ட ஈரக் கூளத்தை அன்றே அகற்றி, அவ்விடத்தில் உலர்ந்த கூளத்தை இடுங்கள். அகற்றிய கூளத்தை மூடிய குழியிலோ தொட்டியிலோ மட்கவைத்து உரமாக்கலாம். ஏரியிலும் மழைநீர் வடிகாலிலும் கொட்டக் கூடாது.

செய்யக் கூடாத மூன்று

நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பின்வரும் மூன்றும் ஆபத்தானவை.

1. கோழிகள் உள்ளே இருக்கும்போது ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவுதல். சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அது கூளத்தில் அடங்கியுள்ள அம்மோனியாவை ஒரே நேரத்தில் காற்றுக்கு வெளியேற்றும். கூண்டை வெறுமையாக்கி, எச்சத்தை அகற்றிய பின்னரே சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

2. எச்சத்தின் மீது பிளீச்சிங் பவுடர் தூவுதல். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு உருவாகும். அது கோழிக்கும், அருகில் நிற்கும் உங்களுக்கும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். முதலில் எச்சத்தை முழுவதும் அகற்றி, நீரால் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினியைப் பயன்படுத்துங்கள்.

3. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குஞ்சுகளுக்கு வெப்பமளித்தல். கார்பன் மோனாக்சைடு குஞ்சுகளை மட்டுமன்றி, அதே அறையிலோ அடுத்த அறையிலோ உறங்குபவரையும் கொல்லக்கூடும். அதற்கு மணமில்லாததால் எச்சரிக்கையும் இராது.

கோழிக்கடை நடத்துவோருக்கு

உயிருள்ள கோழிகள் கடைகளில் பெரும்பாலும் ஓரிரு நாட்களே இருக்கின்றன. அக்குறுகிய காலத்திலும் அவற்றின் துன்பம் பெரிது. மாலையில் கடையை அடைத்து ஷட்டரை இறக்கியதும், அடுக்குக் கூண்டுகளில் உள்ள கோழிகள் விடியும் வரை ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. மேலடுக்கின் எச்சம் கீழடுக்கின் மீது விழுகிறது. கடைக்குப் பின்னோ மேலோ குடியிருப்பவர்களும் அக்காற்றில் பங்கு பெறுகின்றனர்.

ஷட்டருக்கு உட்புறம் கம்பிக் கதவு அமைத்து, இரவில் காற்று வரச்செய்யுங்கள். பின்சுவரின் மேற்பகுதியில் வெளியேற்றும் விசிறி ஒன்றைப் பொருத்துங்கள். ஒவ்வோர் அடுக்கின் அடியிலும் தட்டு வைத்து, கடை அடைக்கும் முன் கழுவுங்கள். அடுத்த நாள் காலைக்குத் தேவையான அளவுக்கு மேல் கோழிகளை இருப்பு வைக்காதீர்கள். விலங்கு நியாயமாக அசைய இடமின்றிக் கூண்டில் அடைப்பதும், போதிய உணவு, நீர், உறைவிடம் அளிக்கத் தவறுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

வணிகப் பண்ணை அமைக்க எண்ணுவோர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டு நெறிமுறைகளை முதலில் படித்தறிய வேண்டும். குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் தொலைவு அந்நெறிமுறைகளில் குறிக்கப்பட்டுள்ளது. புறநகரின் இன்றைய நெருக்கத்தில் அத்தகைய இடம் காண்பது அரிது.

உங்கள் உடல்நலம்

கோழி சுவாசிக்கும் காற்றையே, அதனைப் பராமரிப்பவரும் சுவாசிக்கிறார். அம்மோனியா கண் எரிச்சல், தொண்டை வலி, வறட்டு இருமல் ஆகியவற்றைத் தரும்; ஆஸ்துமாவைத் தூண்டும். இறகுத் தூசியையும் எச்சத் தூசியையும் நெடுங்காலம் சுவாசிக்கும் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி உண்டாகும். தொடக்கத்தில் அது சளிக்காய்ச்சலைப் போலவே தோன்றும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நிலையான தழும்பு ஏற்படலாம்.

• சுத்தம் செய்யும்போது என்-95 முகக்கவசம் அணியுங்கள். அது தூசியைத் தடுக்கும். அம்மோனியா வாயுவைத் தடுக்காது. ஆகவே முதலில் கூண்டைத் திறந்து, பத்து நிமிடம் காற்றோட விட்டபின் நுழையுங்கள்.
• உலர்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். சிறிது நீர் தெளித்துத் தூசியை அடக்கியபின் வாரி எடுங்கள்.
• குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகியோரைச் சுத்தம் செய்யும் பணியில் ஈடுபடுத்தாதீர்கள்.
• படுக்கையறைச் சன்னலுக்கு நேராகக் கூண்டை அமைக்காதீர்கள்.
• பணி முடிந்ததும் சோப்பால் கைகழுவி, உடை மாற்றுங்கள்.

கூண்டுக்குள் திடீரெனக் கண் எரிந்து மூச்சுத் திணறினால் உடனே திறந்த வெளிக்கு வாருங்கள். கண்ணைத் தூய நீரால் 15 நிமிடம் கழுவுங்கள். திணறல் குறையாவிட்டால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், கூண்டைச் சுத்தம் செய்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் மீண்டும் மீண்டும் வந்தாலும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். வீட்டில் கோழி வளர்ப்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அவர் கேட்காமல் இருக்கலாம். நீங்கள் சொல்லாவிட்டால் காரணம் புலப்படாமல் போகலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால், அதனைக் காற்றின் குறை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பறவைக் காய்ச்சல் போன்ற நோய்களாக இருக்கக்கூடும். இறந்த கோழிகளை வெறுங்கையால் தொடாமல், உண்ணாமல், விற்காமல், உடனே அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

உதவியும் பயிற்சியும் எங்கே கிடைக்கும்?

செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குகின்றன. கோழி வளர்ப்பு குறித்த ஆலோசனையை அங்கு பெறலாம். நோயுற்ற பறவைகளுக்கு, 1903இல் தொடங்கப்பட்ட வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.

நினைவில் கொள்க

• கூளம் உலர்ந்திருந்தால் காற்றில் பாதி சீராகும்.
• எந்தப் பருவத்திலும் கூண்டின் மேற்புறத்தில் ஒரு சாண் இடைவெளி திறந்தே இருக்கட்டும்.
• காற்றைக் கோழியின் தலை மட்டத்தில், விடியற்காலையில் சோதியுங்கள்.
• சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், கரி அடுப்பு ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை.
• உங்கள் கண் எரியும் இடத்தில் கோழி இரவு முழுவதும் இருந்திருக்கிறது என்பதை மறவாதீர்கள்.